வெள்ளைப் படத்தில் ஒரு கண்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே வல்லின ற, எங்கே இடையின ர என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிற தம்பி கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். போட்டோகிராபர் சங்கக் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தபோது வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "எழுதியாவது குடுங்கண்ணே" என்று கேட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளைப் பின்னணியில் முகம் எடுப்பதைப் பற்றி, நீங்கள் ஹை-கீ என்கிறீர்களே, அதற்கு அந்தக் காலத்தில் எப்படி வெளிச்சம் வைத்தோம், எப்படி டச்சிங் செய்தோம், அதாவது படத்தில் குறையைத் திருத்தினோம் என்று கேட்டிருந்தீர்கள். வெளிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பின்னால் கட்டிய வெள்ளைத் துணிக்குத் தனியாக இரண்டு விளக்கு. முகத்துக்கு விழுவதைவிடத் துணிக்கு அதிகம் விழ வேண்டும். குறைந்தால் வெள்ளை செத்துச் சாம்பல் ஆகிவிடும். முகத்தில் நிழலே இருக்கக் கூடாது. அதற்காக எங்கள் முதலாளி கேமராவுக்கு நேர் மேலே, லென்சை ஒட்டினாற்போல் ஒரு ஃப்ளாஷை வைப்பார். நாடிக்குக் கீழே இருக்கிற கறுப்பு அதில் கரைந்து போகும். அவ்வளவுதான்.

கஷ்டம் அதற்கப்புறம். எல்லாம் வெள்ளையாகிவிட்ட படத்தில் எதைப் பிடித்துக்கொண்டு முகம் நிற்கும்? முதலாளி இந்த முறையைப் பழகிய புதிதில், பெண் பார்க்கப் போகிற ஒருவரை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு நிறுத்தி எடுத்துவிட்டார். பிரிண்டில் தலையும் இரண்டு கையும் மட்டும் தனித்தனியாக மிதந்தன. வந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலைக்கு மட்டும் பொண்ணு பாக்கவா போறேன்?" என்று கேட்டார். அன்றிலிருந்து முதலாளி சொல்வார், வெள்ளைப் படத்தில் கறுப்பு என்பது கண்ணும் புருவமும் மட்டும்தான். அதில் ஒன்று போனாலும் படம் போச்சு.

கண்ணைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ராஜபாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் அந்த ஸ்டுடியோ இருந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவேன். படம் எடுப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் முதலாளி. எனக்கு டார்க் ரூமும், உள்ளே ஜன்னலோரத்தில் டச்சிங் மேசையும். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாராவது விலாசம் கேட்டால்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உங்களில் நெகட்டிவையே பார்க்காதவர்கள் இருப்பீர்கள். ஃபிலிமில் எல்லாம் தலைகீழ். ஆளின் கறுப்பு அங்கே வெள்ளை. ஃபிலிமின் மேல் கூரான பென்சிலால் லேசாகத் தடவினால், அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். பருவைப் போக்குவது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பது எல்லாம் அப்படித்தான். கறுப்பு ஏற்ற வேண்டுமென்றால் ஃபிலிமில் முடியாது. பிரிண்ட் காய்ந்த பிறகு, நுனி மெல்லிய தூரிகையில் மையைத் தொட்டுப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை அப்படி ஒவ்வொன்றாக அடைப்பேன். கை தானாக ஓடும். அந்தத் தானாக ஓடுகிற கையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், தேர் முடிந்த வாரம். ஊருக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போவதற்குள் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிற கூட்டம். என் மேசையில் பிரிண்டுகள் குவிந்து கிடந்தன. அதில் ஒன்று, செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒரு குழந்தையின் படம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அப்பா பட்டாளத்தில், வடக்கே எங்கோ பனி விழுகிற இடத்தில் இருந்தார். பிள்ளை குப்புற விழும் முன்னால் லீவு முடிந்து போனவர். அவருக்கு அனுப்பத்தான் படம். வெள்ளைக் கவுன் போட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் குழந்தையை உட்காரவைத்து முதலாளி எடுத்திருந்தார்.

படம் பிரமாதம். கன்னமும் கவுனும் துணியும் ஒன்றோடு ஒன்று கரைந்து, வாயும், அம்மா பக்கம் லேசாகத் திரும்பிய கண்ணும் மட்டும் தெரிந்தன. ஆனால் குழந்தையின் இடது கண்ணில், கறுப்பு விழியின் நடுவே, ஒரு வெள்ளை.

தூரிகையை மையில் தொட்டுவிட்டேன். தூசி என்றுதான் நினைத்தேன். வைக்கப் போகும்போது கை நின்றது. தூசி விழுந்தால் விளிம்பு கூராக, முடி மாதிரியோ ஊசி குத்தின மாதிரியோ இருக்கும். இது வட்டமாக, கருமணியின் அளவுக்கே இருந்தது. நெகட்டிவை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது, கறுப்பாக. சரி, கழுவும்போது பட்ட கறையாக இருக்கும் என்று, அதே குழந்தையை எடுத்த மற்ற நெகட்டிவுகளையும் பார்த்தேன். குழந்தை நேராகப் பார்த்த படங்களில் ஒன்றுமில்லை, இரண்டு கண்ணும் சரியாக இருந்தன. அம்மா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்த படங்கள் ஒவ்வொன்றிலும் அதே இடது கண்ணில் அதே பொட்டு. ஒன்றில் தலை சாய்ந்திருந்தது, பொட்டும் கூடவே போயிருந்தது. கறை என்றால் ஃபிலிமில் ஒரே இடத்தில் நிற்கும். இது குழந்தையோடு நகர்ந்தது.

முதலாளியிடம் காட்டினேன். "ஃப்ளாஷ் மின்னியிருக்கும்லே. கறுப்பை வச்சுக் குடுத்து விடு. வேலை மலையாக் கெடக்கு" என்றார். ஃப்ளாஷ் மின்னினால் இரண்டு கண்ணிலும்தானே மின்ன வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "நம்ம படம் எடுக்கிற ஆளு. வைத்தியம் பாக்கிற ஆளு இல்லை. புள்ளைக்குக் கண்ணுல குத்தம்னு நம்ம வாயால சொல்லி, ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா, செட்டியார்பட்டிக்காரன் ஒருத்தன் இந்தப் படி ஏறுவானா?" அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் அது என்னவென்று தெரியாது. அது படத்தின் குறை இல்லை, பிள்ளையின் கண்ணில் இருப்பது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் குழந்தையின் அம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை. கூட வந்த மாமனார் எதிர்த்தாற்போல் சைக்கிள் கடையில் யாரோ தெரிந்தவரோடு பேசிக்கொண்டு நின்றார். நான் டச்சிங் செய்யாத படத்தையே எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வாயால் சொல்ல வராது, அவளே பார்க்கட்டும் என்று.

பார்த்தாள். சிரித்தாள். பிறகு அவள் விரல் அந்தக் கண்ணுக்குப் போனது. ரோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அண்ணே, இதை மட்டும் மறைச்சுக் குடுத்திருங்கண்ணே."

"இது படத்துல வந்த குறை இல்லைம்மா."

"தெரியும்ணே."

அவளே சொன்னாள். சில மாதமாகவே தெரியுமாம். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் பூனைக் கண் மாதிரி மின்னுமாம். வீட்டில் சொன்னபோது, அது அதிர்ஷ்டக் கண், பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணில் குறை என்று நீயே ஊரைக் கூட்டாதே என்று அடக்கிவிட்டார்களாம். பனியில் கிடக்கிற மனுஷனுக்கு இதைக் காட்டிக் கவலைப்படுத்த வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

நான் குழந்தையைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. குழந்தை என் மேசையில் இருந்த தூரிகைக்காகக் கையை நீட்டிக்கொண்டு திரும்பியது. அப்போது அந்தக் கண்ணின் உள்ளே, சுண்ணாம்பு பூசிய சுவரை ஓட்டை வழியாகப் பார்த்த மாதிரி ஒரு வெளுப்பு வந்து போனது. அதுவரை நான் காகிதத்தில் பார்த்ததை அப்போது ஆளில் பார்த்தேன்.

"மதுரையில கண்ணாஸ்பத்திரி இருக்கும்மா. ஒரு தடவை காட்டிருங்க" என்றேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகச் சொன்ன முதல் பெரிய வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அது மாமனார் காதில் விழுந்தது. வாசலில் நின்றிருந்தார்.

அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று குரலிலேயே தெரிந்தது. "ஏலே, யாருக்கு ஆஸ்பத்திரி? போட்டோ பிடிக்க வந்தா எங்க வீட்டுப் பிள்ளைக்கு நொள்ளைக் கண்ணுன்னு பேரு வைக்கியா?" என்று ஆரம்பித்தவர், ரோட்டில் போகிறவர்கள் நிற்கிற அளவுக்குச் சத்தம் போட்டார். சாப்பாட்டைப் பாதியில் விட்டு முதலாளி ஓடி வந்தார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார். பையன் ஒரு வெள்ளந்தி, ஏதோ உளறிவிட்டான், செத்த நேரத்தில் படத்தைச் சரி செய்து கொடுத்துவிடுவான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கறுப்பை வை" என்றார்.

தம்பிமார்களே, இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வைக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலு கடை தள்ளிப் போய் வேறு ஸ்டுடியோவில் எடுப்பார். அங்கே இருக்கிறவன் ஒரு நொடியில் மையை வைத்துக் கொடுத்துவிடுவான். நான் நல்லவனாக நின்றிருப்பேன், குழந்தையின் கண் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். மறுபடி வாதாடலாம் என்றால் எனக்குப் பேச வராது. வந்தாலும் கோபத்தில் இருக்கிறவர் காதில் ஏறாது. அந்த மேசைக்கு முன்னால் தூரிகையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மாமனார் இருமியது கேட்டது.

மையைத் தொட்டு வைத்தேன். கருமணி நிறைந்தது. மற்றக் கண்ணில் இருந்த மாதிரியே ஒரு சின்னப் பொட்டு வெளிச்சத்தை மட்டும் மேல் ஓரத்தில் விட்டேன். அது எனக்குக் கைவந்த வேலை. படத்தைப் பார்த்த மாமனார் முகம் தெளிந்தது. "இப்பதாம்லே படம் மாதிரி இருக்கு" என்றார். அவர் முதலாளியோடு கணக்கு முடிக்கிற நேரத்தில், நான் மை வைக்காத இன்னொரு பிரிண்டையும் எடுத்து, அந்தப் பெண் பார்க்கும்படி அதே உறைக்குள் அடியில் வைத்தேன். உறையை அவள் கையில் கொடுத்தபோது சொன்னேன்:

"ரெண்டும் இருக்கும்மா. எதை அனுப்பணுங்கிறது உங்க இஷ்டம்."

அவள் உறையைக் குழந்தைக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் நன்றாக இல்லை. போதுமான அளவு செய்தேனா என்று பஸ்ஸில் உட்கார்ந்தால் யோசனை வரும். செட்டியார்பட்டிக்கு நேரே போய் நிற்கலாமா என்று ஒரு நாள் தோன்றும். போனால் அந்தப் பெண்ணுக்குத்தான் வீட்டில் தொல்லை வரும் என்று மறுநாள் தோன்றும். உறைக்கு அடியில் வைத்த பிரிண்டைப் பற்றி முதலாளியிடம் நான் சொல்லவில்லை.

தீபாவளி நெருங்குகிற சமயம், அந்த மாமனார் ஸ்டுடியோவுக்குள் வந்தார். குரலைக் கேட்டதும் நான் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "அந்தத் தம்பி எங்க?" என்று கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது முறை கூப்பிட்டபோது வெளியே வந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். மருமகள் மை வைக்காத படத்தைத்தான் மகனுக்கு அனுப்பியிருக்கிறாள். மகன் அதை அங்கே கூட இருந்தவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். காட்டியதில் ஒருவர் பட்டாளத்து டாக்டர். அவர் படத்தைக் கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்காமல், பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே ஊருக்குத் தந்தி வந்திருக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோனால், கண்ணுக்குள் கட்டி என்றார்களாம். புற்று மாதிரி.

"கண்ணை எடுத்துட்டாங்க தம்பி. எடுக்கலைன்னா மூளைக்கு ஏறியிருக்குமாம். உசுருக்குப் பயம் இல்லைன்னு சொல்லுதாக."

முதலாளி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் மை வைத்த படம்.

"இது உன் வேலைதான, நீயே வச்சுக்கோ. இது எங்க வீட்டுல இருக்க வேண்டாம்" என்றார். பிறகு, "அன்னைக்குக் கொஞ்சம் பேசிட்டேன்" என்றார். முதலாளி டீ வாங்கிவரச் சொன்னார். மூன்று பேரும் குடித்தோம்.

அதற்கப்புறம் முதலாளி ஒரு வழக்கம் கொண்டுவந்தார். குழந்தைப் படம் எதுவாக இருந்தாலும், மை வைக்கும் முன் அந்த ரோலில் இருக்கிற எல்லா நெகட்டிவையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். குறை ஃபிலிமோடு நிற்கிறதா, ஆளோடு நகர்கிறதா? ஃபிலிமோடு நின்றால் அது நம் குறை, அழித்துவிடலாம். ஆளோடு நகர்ந்தால், பெற்றவர்களைத் தனியாகக் கூப்பிட்டு அவரே பேசுவார். முக்கால்வாசியும் ஒன்றும் இல்லாமல் போகும். மாறுகண், பழைய தழும்பு, இப்படி. சிலர் கோபப்பட்டுப் போனார்கள், போகட்டும் என்று விட்டார்.

உங்கள் காலத்தில் சிவப்புக் கண்ணைச் சரிசெய்ய ஒரு பொத்தான் இருக்கிறது, பார்த்தேன். கண் எங்கே இருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்து, அதுவே கறுப்பாக்கிவிடுகிறது. நல்ல வசதிதான். எனக்கு மையைத் தொட்டு, தூரிகையைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பதற்குள் யோசிக்க நேரம் கிடைத்தது. உங்களுக்கு அந்த நேரம் கிடைக்காது. நீங்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணும் சிவப்பாக இருந்தால் பொத்தானை அழுத்துங்கள். ஒன்று சிவப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் இருந்தால், கையை எடுத்துவிட்டு எழுந்து போய் அந்தக் குழந்தையைப் பாருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாகச் சொந்த ஸ்டுடியோ வைத்தேன். பேச வேண்டியதும் நானே, எடுக்க வேண்டியதும் நானே என்று ஆனது. ஒரு நாள் அந்தப் பெண் உள்ளே வந்தாள். என்னை எப்படியோ விசாரித்து வந்திருந்தாள். புருஷனுக்கு வடக்கே குடும்பத்தோடு இருக்க வீடு கொடுத்திருக்கிறார்களாம், பிள்ளையை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படம் வேண்டும் என்றாள். பிள்ளைக்கு ஆறு ஏழு வயது இருக்கும். இரட்டைச் சடை. மதுரையில் செய்துபோட்ட கண்ணை நன்றாகவே பொருத்தியிருந்தார்கள். நிறமும் அளவும் சரியாக இருந்தன. பக்கவாட்டில் பார்க்கும்போது மட்டும் அது கொஞ்சம் பின்தங்கியது.

வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்தேன். அந்தக் கண்ணில் வெளிச்சம் வேறு மாதிரி பட்டது; சீசாவில் படுகிற மாதிரி. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி மின்னும்படி விளக்கை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சலித்துவிட்டது.

"மாமா, ரெண்டுல எது பொம்மைக் கண்ணு, சொல்லுங்க பாப்போம்."

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் அம்மா.

"எல்லாரும் தப்பாத்தான் சொல்லுவாக. எங்க டீச்சரே தப்பாச் சொல்லிட்டாக."

தப்பாகச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று தெரிந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"இடது" என்றேன்.

பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. "எப்பிடித் தெரியும்?"

"நீ சின்னப் புள்ளையா இருக்கும்போது உன்னைப் படம் எடுத்த கடையிலதான் நான் வேலை பாத்தேன்."

"அப்ப எனக்கு நெசக் கண்ணா இருந்துச்சா?"

"ஆமா."

"எப்பிடி இருந்துச்சு?"

அவளிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. "உள்ளே வெள்ளையா மின்னும்" என்றேன்.

"அழகாவா?"

"பாக்க அழகாத்தான் இருந்துச்சு."

பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "பொறவு ஏம்மா எடுத்தீங்க?"

அம்மா பின்னிவிட்ட சடையையே மறுபடி சரிசெய்வது மாதிரி அருகில் வந்தாள். "நீ வேணும்லட்டி எனக்கு" என்றாள்.

பிள்ளை தலையை ஆட்டினாள், கணக்குச் சரியாக வந்த மாதிரி. முதுகை நிமிர்த்தி, நாடியைத் தூக்கி, கேமராவைப் பார்த்தாள்.

"சரி மாமா, எடுங்க."

எடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14 ஆகஸ்ட் 2011, ஞாயிற்றுக்கிழமை.